கோல்கீப்பரிடம் முழு அணியையும் கொடுங்கள்

ஒரு கோல்கீப்பர் ஓய்வு பெற்றால் அவருக்கு அடுத்த வேலை என்ன என்று கால்பந்து உலகில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கோல்கீப்பிங் பயிற்சியாளர், அவ்வளவுதான். இருபது வருடம் ஒரு அணிக்குக் கடைசி ஆளாக நின்றவரிடம், இன்னும் மூன்று கோல்கீப்பர்களை மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய் பந்தை உதைத்துப் போடு என்கிறார்கள். அவரோடு ஆடிய நடுக்கள வீரர் ஓய்வு பெற்றால் மட்டும், ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர், வருங்காலத் தலைமைப் பயிற்சியாளர் என்று பேச்சு கிளம்பிவிடும். பல வருடமாக என்னை உறுத்துகிற விஷயம் இது.

கோல்கீப்பிங் பயிற்சியைத் தாழ்ந்த வேலை என்று சொல்லவில்லை. 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்து, கூடுதல் நேரம் முடியப் போகிற கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரை மாற்றி டிம் க்ருலை இறக்கியது. பெனால்டி ஷூட் அவுட்டில் அவர் கோஸ்டா ரிகாவின் இரண்டு உதைகளைத் தடுத்தார். அந்த அணியின் கோல்கீப்பிங் பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஹூக், அவரும் முன்னாள் கோல்கீப்பர். அதெல்லாம் பெரிய படிப்பு. ஆனால் ஜெர்மனியின் நாடீன் ஆங்கரரைப் பாருங்கள். 2007 உலகக் கோப்பை முழுவதும் ஒரு கோல்கூட விடவில்லை, இறுதி ஆட்டத்தில் பிரேசில் நட்சத்திரம் மார்த்தாவின் பெனால்டியையே தடுத்தார். 2013-ல் உலகின் சிறந்த வீராங்கனை விருது. ஓய்வுக்குப் பின் அவர் போனது கோல்கீப்பிங் பயிற்சிக்கு. அது அவரே விரும்பிய வேலையாக இருக்கலாம், மதிக்கிறேன். அதே சாதனைகளோடு ஒரு நடுக்கள வீராங்கனை இருந்திருந்தால் எத்தனை பேர் அவரிடம் முழு அணியையும் கொடுக்கத் துடித்திருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

கோல்கீப்பர் அந்த தொண்ணூறு நிமிடமும் என்ன செய்கிறார்? மைதானத்தில் ஆட்டம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். மற்ற பத்துப் பேருக்கும் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். இடது தடுப்பாட்டக்காரர் இரண்டு அடி உள்ளே வந்துவிட்டார், நடுக்களத்தில் ஒருவர் மூச்சு வாங்குகிறார், எதிரணியின் முன்கள வீரர் மெல்ல ஓரமாக நகர்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். பார்த்தால் போதாது, உடனே கத்தி ஆளை நகர்த்த வேண்டும். நல்ல கோல்கீப்பரின் பாதி வேலை பந்து தன் பக்கம் வராமலே பார்த்துக்கொள்வது. பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. கோல்கீப்பர் தனியாகவே பயிற்சி எடுக்கிறார், தாக்குதல் எப்படிக் கட்டப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது என்பார்கள். ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. 1992-ல் பின்பாஸ் விதி வந்தது. சக வீரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றானதும், கால் ஆட்டம் தெரியாத கோல்கீப்பருக்கு இடமில்லாமல் போனது. 2019-ல் கோல் கிக் விதியும், அதாவது எதிரணியால் கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் உதைக்கும் விதியும், மாறியது. பந்து பெனால்டி எல்லையைத் தாண்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உள்ளேயே சக வீரரிடம் கொடுக்கலாம். இன்று பெரிய அணிகளின் தாக்குதல் கோல்கீப்பர் காலிலிருந்தே தொடங்குகிறது. வட்டமாக நின்று பந்தைச் சுற்றவிடும் பயிற்சியில் அவரும் நிற்கிறார். பழைய வாதத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பயிற்சி மைதானத்துக்குப் போய்ப் பார்த்து நாளாகிவிட்டது என்றே நினைக்கிறேன். போகட்டும், தொழில்முறையில் ஆடாத இத்தாலியப் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி 1989-லும் 1990-லும் மிலான் கிளப்புக்கு ஐரோப்பிய கிளப்புகளின் கோப்பையை வாங்கிக் கொடுத்தாரே. அவரிடம் கேட்காத தகுதியைக் கோல்கீப்பரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

விதி மாறுவதற்கு முன் ஆடிய கோல்கீப்பர்களிலேயே சிலர் இந்த எண்ணத்தை உடைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ரெமோன் கூத்தால்ஸ் கோல்கீப்பராக ஆடியவர். அவருடைய அணிகள் தடுப்பு வரிசையை மேலே ஏற்றி ஆஃப்சைடில் எதிரணியை மாட்டவைப்பதில் பேர்போனவை. வரிசை ஏறினால் பின்னால் திறக்கும் வெற்றிடத்துக்குப் பொறுப்பு கோல்கீப்பர்தான். அந்த வெற்றிடத்தின் பயத்தை உடம்பால் அறிந்தவர் அதையே ஆயுதமாக்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். 1993-ல் மிலானை 1-0 என்று வென்று அவருடைய மார்செய் அணி சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தபோது கூத்தால்ஸுக்கு வயது 71.

அர்ஜென்டினாவின் ரிக்கார்டோ லா வோல்பே 1978-ல் உலகக் கோப்பை வென்ற அணியின் மாற்றுக் கோல்கீப்பர்களில் ஒருவர். பிறகு மெக்சிகோவில் பயிற்சியாளராக வளர்ந்து, 2006 உலகக் கோப்பைக்கு அந்நாட்டு அணியை அழைத்துப்போனார். மத்தியத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் அகலமாக விலக, ஒரு நடுக்கள வீரர் இறங்கி அவர்களுக்கு நடுவில் வந்து பந்தை வாங்க, ஓரத் தடுப்பாட்டக்காரர்கள் மேலே ஏற, பின்னாலிருந்தே ஆட்டத்தைக் கட்டும் முறை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. புகழ்பெற்ற பயிற்சியாளர் குவார்டியோலா அதை மனம் திறந்து பாராட்டியவர். தாக்குதலைக் கட்டத் தெரியாது என்று நாம் ஒதுக்கும் கூட்டத்திலிருந்து வந்த மனிதர் இவர்!

ஆனால் எனக்கு எப்போதும் நெஞ்சுக்கு நெருக்கமானவர் இத்தாலியின் டீனோ ஸோஃப். 1978 உலகக் கோப்பையில் தூரத்திலிருந்து அடித்த கோல்களை விட்டதற்காக அவரை வறுத்தெடுத்தார்கள். நெதர்லாந்தின் ஹான் அடித்ததும் பிரேசிலின் நெலினியோ அடித்ததும் இன்றைக்கும் காட்டப்படும் கோல்கள். 36 வயது, கண் போய்விட்டது, முடிந்தது கதை என்றார்கள். பயிற்சியாளர் பேர்சோட் அவரைக் கைவிடவில்லை. நான்கு வருடம் கழித்து, 40 வயதில், கேப்டனாக ஸோஃப் உலகக் கோப்பையைத் தூக்கினார். வழியில் பிரேசிலுக்கு எதிராக 3-2 என்றிருந்த கடைசி நிமிடங்களில் ஆஸ்கரின் தலை முட்டலைக் கோட்டிலேயே அமுக்கிப் பிடித்தது அவர்தான்.

பயிற்சியாளராக யுவெண்டஸுக்கு 1990-ல் யூஇஎஃப்ஏ கோப்பையும் இத்தாலியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு கோப்பைகளோடு சேர்த்து வேலையும் போனது. ஆடம்பரமான ஆட்டம் வேண்டும் என்று வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். பிறகு 1998-ல் இத்தாலிய அணி அவரிடம் வந்தது. நாடுகள் மோதும் 2000 ஐரோப்பியக் கோப்பைக்குச் சற்று முன் முதல் கோல்கீப்பர் பஃபோனின் கை முறிந்தது. அவர் இடத்தில் டோல்டோவை நிறுத்தினார் ஸோஃப். நெதர்லாந்துடனான அரையிறுதியில் 34-வது நிமிடத்திலிருந்து இத்தாலிக்குப் பத்துப் பேர்தான். டோல்டோ ஆட்ட நேரத்தில் ஒரு பெனால்டியைத் தடுத்தார், இன்னொன்று கம்பத்தில் பட்டது, ஷூட் அவுட்டில் மேலும் இரண்டைத் தடுத்தார். மாற்று ஆளாக வந்த ஒருவர் அப்படி ஆடியதற்குப் பின்னால், கைவிடப்படாமல் இருப்பது என்ன என்று அறிந்த ஒரு பயிற்சியாளர் இருந்தார் என்று நான் நம்புகிறேன்.

இறுதி ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராக தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நிமிடங்களின் விளிம்புவரை 1-0 என்று முன்னிலை. வில்டோர் சமன் செய்தார், அப்புறம் கூடுதல் நேரத்தில் ட்ரெஸெகேயின் தங்க கோல், அடித்ததுமே ஆட்டம் முடியும் கோல். மறுநாளே அரசியல்வாதியும் மிலான் கிளப்பின் உரிமையாளருமான பெர்லுஸ்கோனி, பிரான்சின் நட்சத்திரம் ஸிடானைக் கட்டிப்போடத் தெரியவில்லை என்று பகிரங்கமாகச் சாடினார். ஸோஃப் பதவியை விட்டு விலகினார். ஐரோப்பியக் கோப்பைக்குச் சில நொடிகள் அருகில் வந்த பயிற்சியாளரை அவ்வளவு எளிதாக மிதிக்க முடிந்ததில், அவர் கோல்கீப்பர் என்பதற்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்றைய தலைமுறையில் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ. 2004-ல் போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது விட்டோர் பாயாவுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவர். போர்ச்சுகலுக்காக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை. அவரும் தொடங்கியது கோல்கீப்பிங் பயிற்சியாளராகத்தான், மலாகாவில். ஆனால் 2012-ல் போர்ச்சுகலின் ரியோ ஆவே அணி அவரிடம் முழுப் பொறுப்பைக் கொடுத்தது. பின்னர் இங்கிலாந்தின் வுல்வ்ஸை இரண்டாம் நிலை லீக்கிலிருந்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றி, அடுத்த இரண்டு சீசனும் ஏழாமிடம் பிடித்தார். டாட்டன்ஹாமில் நான்கு மாதம்தான் தாக்குப்பிடித்தார், அதையும் சொல்ல வேண்டும். 2024-25-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை, முந்தைய சீசனில் பதினேழாமிடத்தில் தப்பிய அதே கிளப்பை, ஏழாமிடத்துக்குக் கொண்டுவந்தார்.

2020 யூரோப்பா லீக் காலிறுதியில் அவருடைய வுல்வ்ஸை 88-வது நிமிட கோலால் வென்ற செவியாவின் பயிற்சியாளர் ஜூலென் லோபெடெகி. அவரும் முன்னாள் கோல்கீப்பர்! செவியா அந்தக் கோப்பையையும் எடுத்தது. பிரேசிலின் ரோஜேரியோ செனி, ஆடும் காலத்தில் 131 கோல் அடித்த கோல்கீப்பர், ஃபிளமெங்கோவுக்கு 2020 சீசனின் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். கடைசி ஆட்டம் அவருடைய பழைய வீடான சாவ் பாவ்லோவின் மைதானத்தில்தான் நடந்தது. தோற்றும் பட்டம் கைக்கு வந்தது.

இவர்கள் எல்லாம் விதிவிலக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் விதிவிலக்காக இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, பாதை அப்படி. ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஇஎஃப்ஏவில் கோல்கீப்பிங் பயிற்சிக்கென்று தனி உரிமம் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த உரிமத்தை வைத்து முதல்நிலை அணியின் தலைமைப் பயிற்சியாளராக முடியாது, அதற்கு ப்ரோ என்ற உச்ச நிலை உரிமம் வேண்டும். கோல்கீப்பர்கள் பலரும் நாற்பதை நெருங்கும்வரை ஆடுகிறார்கள். ஓய்வு பெற்ற கையோடு எளிதாகக் கிடைக்கும் வேலைக்குள் போனால், வெளியே வரப் பத்து வருடம் ஆகிவிடும்.

இதை மாற்றப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு கிளப்பிலும் வாரக்கணக்கில் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டாம், மூன்றாம் கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள். முப்பதைத் தாண்டிய, ஆர்வமுள்ள ஒருவரைப் பிடித்து, பொதுப் பயிற்சி உரிமத்துக்குப் பணம் கட்டி, பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியை ஒரு சீசன் அவரிடம் விடுங்கள். ஆள் தேர்வு, வியூகம், இடைவேளைப் பேச்சு எல்லாம் அவருடையதாக இருக்கட்டும். அந்த அணியின் கோல்கீப்பர்களுக்குப் பந்து உதைத்துப் போட வேறு ஆளை வையுங்கள்.