வெளியே ஸ்பார்க் வருவது மட்டும் போதாது

பழைய அம்பாசிடர் காரில் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் விட்டுவிட்டு ஓடினால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் மேல் வைத்து இன்ஜினைச் சுற்றவிட்டுப் பாருங்கள், ஸ்பார்க் (தீப்பொறி) வந்தால் இக்னிஷன் (பொறி தரும் அமைப்பு) நல்லது, கார்புரேட்டரைப் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பிரியுங்கள் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சோதனையில் ஸ்பார்க் வரவில்லை என்றால் குறை இக்னிஷனில்தான், சரி. ஆனால் வந்துவிட்டதாலேயே எல்லாம் நல்லது என்று ஆகாது. வெளிக்காற்றில் பிளக் முனையில் உள்ள சின்ன இடைவெளியைப் பொறி தாண்ட சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை அழுத்தும்போது அதே இடைவெளிக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பீங்கானில் மயிரிழை விரிசல் விட்ட பிளக்கோ, சோர்ந்துபோன இக்னிஷன் காயிலோ (பிளக்குக்கு அதிக வோல்ட் தரும் சுருள்) வெளியே அழகாகப் பொறி காட்டிவிட்டு உள்ளே திணறும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதுதான் இது நன்றாகத் தெரியும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள், அதன் முனையை உலோகத்தோடு நன்றாக எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்படி நான்கையும் பாருங்கள். எதைக் கழற்றினால் ஓட்டம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் குறை பிளக்கில்தான், வெளியே எத்தனை ஸ்பார்க் வந்திருந்தாலும். கார்புரேட்டரைத் தொடும் முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.