கண் தெரியாதவரைக் கை காட்டிப் பிரசங்கம் எதற்கு?

கோயிலில் சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்தன்று நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். வராதவர்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பண்டிகை நேரமாயிற்றே, நம் சபைப் போதகர் ஐயர் மனம் நோகுமே என்று மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று காலையில் அதே வீடியோவை ஒருவர் ‘ஆமென்’ போட்டு அனுப்பியிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

வெளியூர்ப் பிரசங்கியார் ஒளியைப் பற்றிப் பேசினார். பேசட்டும். ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த அண்ணனைக் கை காட்டி, “விசுவாசம் இருந்திருந்தால் இந்தக் கண் எப்போதோ திறந்திருக்கும்” என்றாரே, அது எதற்கு? அந்த அண்ணன் அதற்கப்புறமும் கடைசிப் பாட்டைச் சுதி பிசகாமல் வாசித்தார். நாமெல்லாம் எழுந்து சாப்பிடப் போனோம். நானும்தான்.

கண் தெரியாதது வேறு, ஆவிக்குரிய இருள் வேறு. வேதத்தில் யோவான் 9-ஆம் அதிகாரத்தை எடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து “யார் செய்த பாவம்?” என்று கேட்டவர்கள் சீஷர்கள். இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு. அதிகாரம் முடிகிறபோது குருடராக நிற்பது யார்? கண் நன்றாகத் தெரிந்த பரிசேயர், அந்தக் காலத்து மதத் தலைவர்கள். 1 யோவான் 2-லும் இருள் குருடாக்குவது சகோதரனைப் பகைக்கிறவன் கண்களைத்தான். சர்க்கரை வந்தவன் கண்ணை அல்ல.

“அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று வருவீர்கள். நான் யாரையும் தொடவில்லை ஐயா, கை நீட்டியது அவர். “ஆண்டவரால் சுகமாக்க முடியாதா?” முடியும். நானும் நம்புகிறேன். ஆனால் பெத்சாயிதா ஊரில் இயேசு கண் தெரியாத ஒரு மனுஷனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி வேடிக்கை காட்டவில்லை. “பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பேச்சு” என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நேரமும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் அப்பாவுக்கும் கடைசி ஆறு வருடம் கண் தெரியாது. வாத்தியார். கோயிலில் பல வருடம் வேதபாடம் வாசித்தவர். பார்வை போன பிறகு சனிக்கிழமை ராத்திரி என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மறுநாள் ஆராதனையில் ஓர் எழுத்து பிசகாமல் சொல்வார். மூன்றாவது வாரம் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். “சார், வாசிப்புன்னா புத்தகத்தைப் பார்த்துல்லா வாசிக்கணும். நாலு பேரு பேசுதாங்க” என்றார். அப்பா “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான்.

அதுவும் எந்த ஊரில்? 1890-லேயே மிஷனெரி ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய பாளையங்கோட்டையில். பண்டிகைக்குப் பண்டிகை மிஷனெரிமார் பெருமையை மைக்கில் பேசுகிறோம். கண் தெரியாதவர் மேடையேறினால் மட்டும் நமக்குக் கூசுகிறது.

அதற்கப்புறமும் சனிக்கிழமை ராத்திரி ஆனால் அப்பா, “நாளைக்கு என்ன பாடம்மா?” என்று கேட்பார். வாசிப்பேன். இரண்டாம் தடவை உதட்டை அசைத்துக் கூடவே சொல்வார். சாகிற வரைக்கும் இது நடந்தது.

காலையில் வீடியோவுக்கு ஆமென் போட்டு அனுப்பினவரும் அன்றைக்குக் காபி குடித்துவிட்டுப் போனவரும் ஒரே ஆள்தான். பேர் போடவில்லை. அவருக்குத் தெரியும்.