குளியலறைத் தளத்தில் தண்ணீர் தேக்கிச் சோதித்துக் காட்டுவதாக ஒரு வரி எழுதிக் கொடுக்க ஏன் இத்தனை தயக்கம்?

சென்னையில் 25 ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீடு எங்களுடையது. கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் பரவி, அவர்கள் இரண்டு முறை வந்து முறையிட்ட பிறகு குளியலறையைப் பெயர்த்துக் கட்டுவது என்று முடிவு செய்தோம். வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் இரண்டு மாதமாக நெஞ்சு கொதிக்கிறது.

முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே, "மொத்தமா ஒன்றேகால் லட்சம், கண்ண மூடிட்டு விட்டுடுங்க சார்" என்றார். சம்பாதித்த பணத்தைக் கொடுக்கிற நான் எதற்காகக் கண்ணை மூட வேண்டும்? பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்பது அவருடைய யோசனை. கசிகிற தளத்தை அப்படியே மூடிவிட்டுப் போவதற்குப் பெயர் புதுப்பித்தலா?

அடுத்து வந்த உள்ளலங்கார நிறுவனம் ஆறு பக்க மதிப்பீடு அனுப்பியது. கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்குக்குக்கூட அதில் தனி வரி இருந்தது. ஆனால் எந்த வேலைக்காக அவர்களை அழைத்தோமோ அதற்கு, 'வாட்டர்ப்ரூஃபிங் உட்பட' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நீர் கசியாமல் தடுக்க எந்தப் பூச்சு, எத்தனை கை பூசுவார்கள், சுவரில் எவ்வளவு உயரம் வரை, சுடுநீர்க் குழாய் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்கா என்று கேட்டால், "எல்லாம் ஸ்டாண்டர்டு சார்" என்கிறார்கள். முன்பணம் மட்டும் 60 சதவீதம் வேண்டுமாம்.

மூன்றாவதாக வந்த மேஸ்திரி ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடும் திசையைப் பார்த்துவிட்டு, வாட்டம், அதாவது தரையின் சரிவு, கதவுப் பக்கமாக இருப்பதைச் சொன்னார். 78 வயதில் என் அம்மா அந்த ஈரத்தில்தான் தினமும் கால் வைக்கிறார் என்பதை நினைத்தபோது, இத்தனை பேரில் இவர் ஒருவருக்காவது தொழில் தெரிந்திருக்கிறதே என்று மனம் குளிர்ந்தது.

பூச்சு காய்ந்தபின் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரை உலர்ந்திருப்பதை இருவரும் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டுவது, அடுத்த தவணையும் அதன் பிறகே என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்று எழுந்துவிட்டார். டைல்ஸ் ஒட்டிய பிறகு அடியில் இருப்பதை யாராலும் பார்க்க முடியாது என்பதால்தான் எழுத்தில் கேட்கிறேன்; அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டால் நான் என்னதான் செய்வது?

நாளை நான்காவது ஆள் வருகிறார். அந்த வரியை நானே தாளில் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அவர் அளவெடுக்கத் தொடங்கும் முன்பே அதை நீட்டப் போகிறேன்.