கிடா வெட்டத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபாரத்தைப் படிங்க சாமி

சென்னிமலைப் பையன் பெட்டியோட வீடு திரும்பின போட்டோவை எல்லாரும் பாத்துட்டீங்க. நடந்தது இவ்வளவுதான்: துபாய் வேலைக்குக் கிளம்பினவனை, பாஸ்போர்ட்ல இருந்த ஒரு வார்த்தையைக் காட்டி ஏர்போர்ட் குடியேற்ற கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்குக் கீழ வந்த கமெண்ட்டுகளைப் படிச்சதுக்கு அப்பறம்தான் இதை எழுத உக்காந்தது. "கிடா வெட்டி, பிளெக்ஸ் வெச்சு அனுப்புனாங்க, பீளமேட்டோட திரும்பிட்டான்." பீளமேடுன்னா கோயமுத்தூர் ஏர்போர்ட். அதுக்கு எத்தனை சிரிப்புப் பொம்மை! சிரிச்சவங்க வீட்டு பீரோவுலயும் ஒரு பாஸ்போர்ட் தூங்கிட்டு இருக்கும். எந்திரிச்சுப் போய் அதைத் திறந்து பாருங்க. உள்ள 'எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு'னு இருக்குதா? சுருக்கமா ஈ.சி.ஆர்., சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்னு அர்த்தம். இருந்தா சிரிப்பை அங்கயே நிறுத்திக்கலாம்.

அந்தப் பையன் பத்தாவது பாஸ். அதுக்கு மேல ஐ.டி.ஐ. ஃபிட்டர். அவன் பாஸ்போர்ட்ல அந்த வார்த்தை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்தாவது தேறினவங்க, வருமான வரி கட்டறவங்க, அம்பது வயசு தாண்டினவங்க, இவங்களுக்கெல்லாம் ஈ.சி.ஆர். கிடையாது. பின்ன எப்படி வந்துச்சு? பாஸ்போர்ட் ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்குது: நான்-ஈ.சி.ஆர். வகைக்கு நீங்க தகுதியானவரா? ஆமானு டிக் பண்ணினா பத்தாவது சர்டிபிகேட்டைக் காட்டணும். இல்லைனு டிக் பண்ணினா ஒண்ணும் காட்ட வேண்டாம். பிரவுசிங் சென்டர்ல உக்காந்து அடிச்சவனுக்கு எது சுலபம்? ஒரு ஸ்கேன் மிச்சம், இல்லைனு தட்டி விட்டுட்டான். பையன் பக்கத்துல நின்னு போன் பாத்துட்டு இருந்திருப்பான். அவ்வளவுதான் கதை.

ஒரு டிக்குங்க. வேற எதுவுமே இல்லை.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்ல வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாட்டுக்கு வேலை விசாவுல போறதா இருந்தா, 1983-ஆம் வருஷத்து எமிகிரேஷன் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வெளியுறவுத் துறையோட 'இ-மைகிரேட்' இணையதளத்துல கம்பெனியும் ஏஜென்ட்டும் பதிவு பண்ணியிருந்தாத்தான் அது கிடைக்கும். விசா நிஜம், டிக்கெட் நிஜம், கம்பெனி நிஜம், ஆனா இந்த அனுமதி இல்லைன்னா குடியேற்ற கவுண்டர்ல இருக்கறவர் விட மாட்டார். அவர் மேல கோவப்பட்டுப் புண்ணியமில்லை. அவர் பாக்கறது அந்த வார்த்தையைத்தான், உங்க ஐ.டி.ஐ. மார்க்கை இல்லை.

சரி பண்றதும் பெரிய வேலை இல்லை. பாஸ்போர்ட் மறு வழங்கலுக்கு (ரீ-இஷ்யூ) விண்ணப்பிச்சு, காரணத்துல ஈ.சி.ஆர். நீக்கம்னு போட்டு, பத்தாவது மார்க்‌ஷீட் ஒரிஜினலைக் காட்டினா ஆச்சு. 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். தட்கல்னா இன்னொரு 2000. கிடா விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு, பழைய பாஸ்போர்ட் நம்பர்ல அடிச்ச விசா புது நம்பருக்குத் தானா மாறாது. விசா கைக்கு வந்த பொறவு இதைச் செய்யப் போனா ரெண்டும் கெட்டான். அதனாலதான் சொல்றேன், முதல்ல ஃபாரம், அப்பறம் விசா, அதுக்கும் அப்பறம் கிடா.

உடனே ஒருத்தர் வருவார்: "குலதெய்வத்தைக் கும்பிடறதைக் கிண்டல் பண்றீங்களா?" இல்லைங்க. தாராளமா வெட்டுங்க, கூப்பிட்டா வந்து சாப்பிடறோம். சாமி எதுக்கு வேணாலும் துணைக்கு வரும், ஃபாரம் நிரப்ப வராது.

இன்னொருத்தர், "அதுக்குத்தானே ஏஜென்ட்டுக்குக் காசு குடுக்கறோம், அவன் பாத்துக்குவான்." இவருக்குக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும், ஏன்னா ஊரைக் கெடுக்கற வார்த்தையே இதுதான். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு இருக்குது, 30,000 ரூபாய். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 35,400. ரசீது குடுக்கணும். நம்ம பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஒன்னரை லட்சம், ரெண்டு லட்சம்னு பேசறாங்களே, அதுக்கு எவன் ரசீது குடுத்தான்? லைசென்ஸ் நம்பர் கேளுங்க. வாங்கின நம்பரை 'இ-மைகிரேட்' பட்டியல்ல போட்டுப் பாருங்க. "நான் மும்பைக் கம்பெனிக்கு சப்-ஏஜென்ட்"னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. சப்-ஏஜென்ட்டுனு சட்டத்துல ஒரு ஆளே கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழ்நாடு அரசாங்கமே 1978-ல ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு சென்னையில நடத்திட்டு இருக்குது. நர்ஸ், டிரைவர், வெல்டர்னு ஆள் எடுக்கறாங்க. அதோட பேரைக் கேள்விப்பட்டவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்? ஏஜென்ட் மாப்பிள்ளை முறையா வேற இருந்துட்டா போச்சு, அவன்கிட்டக் கேள்வி கேக்கறதே மரியாதைக் குறைச்சல்.

முறையா அனுமதி வாங்கிப் போறவனுக்குக் கூடவே ஒரு இன்சூரன்ஸ் வருது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375. விபத்துல உசுரு போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ பத்து லட்சம். ஒன்னரை லட்சம் வாங்கினவன் இந்த 275-ஐப் பத்தி வாயைத் திறந்தானா? திறக்க மாட்டான், திறந்தா தன்கிட்ட லைசென்ஸ் இல்லைங்கறது வெளிய வந்துரும்.

டிக்கு மட்டும்தானானு கேட்டா, இல்லை. பேர் இருக்குதே, அது டிக்கை விடப் பெரிய வம்பு.

பழனிசாமி. நம்ம பக்கம் எத்தனை பேருக்கு அப்பா பேரு அது! இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. கடைசியில 'ஒய்' போட்டு ஒருத்தர், 'ஐ' போட்டு ஒருத்தர், 'எஸ்'ஸுக்குப் பக்கத்துல ஒரு 'டபிள்யூ' சேர்த்து ஒருத்தர், டபிள்யூவும் போட்டு ஐயும் போட்டு இன்னொருத்தர். அப்பா ஆதார்ல ஒண்ணு, பையன் டி.சி.யில ஒண்ணு, பேங்க் பாஸ்புக்குல ஒண்ணு, கல்யாணப் பதிவுல ஒண்ணு. இங்க எவனும் கண்டுக்க மாட்டான், எல்லாத்துலயும் ஒரு 'பி' இனிஷியலோட வண்டி ஓடிரும். பாஸ்போர்ட்ல இனிஷியல் செல்லாது, விரிச்சு எழுதணும். விரிச்சவுடனே நாலு அப்பன் ஆயிருவாங்க. வெளிநாட்டுல ஃபைலைப் பாக்கறவனுக்கு நாலும் ஒரே பழனிசாமினு எப்படித் தெரியும்?

அடுத்தது 'சர்நேம்' கட்டம். நமக்குக் குடும்பப் பேர் வெச்சுக்கிற வழக்கம் இல்லை. காலியா விட்டா, அமெரிக்க விசாவுல உங்க பேரு 'எஃப்.என்.யூ.'னு ஆரம்பிக்கும், முதல் பேர் தெரியலைனு அர்த்தம். அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பர்ல, ஒத்தப் பேரோட வர்ற பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டு, பொறவு அப்பா பேரு உள்பக்கத்துல இருந்தாச் சரினு தளர்த்துனாங்க. சரினு அப்பா பேரை அந்தக் கட்டத்துல போட்டா, புருஷனுக்கு சர்நேம் அவங்கப்பா பேரு, பொண்டாட்டிக்கு அவங்கப்பா பேரு, குழந்தைக்கு இவன் பேரு. ஒரே வீட்டுல மூணு பேருக்கு மூணு குடும்பப் பேரு! இதைக் கட்டிப் போடறது கல்யாணப் பதிவுச் சான்றும் குழந்தையோட பிறப்புச் சான்றும்தான். தமிழ்நாட்டுல 2009-ஆம் வருஷச் சட்டப்படி கல்யாணம் ஆகி 90 நாளுக்குள்ள பதியணும், தவறினா அபராதத்தோட இன்னும் 60 நாள். மண்டபத்துல ஆயிரம் பேருக்குப் பந்தி போட நேரமிருக்குது, சார்பதிவாளர் ஆபீஸுக்கு ஒரு நாள் போக நேரமில்லை. அஞ்சு வருஷம் கழிச்சு பொண்டாட்டி, குழந்தையைக் கூட்டிக்க டிபென்டன்ட் விசா போடறப்பதான் கல்யாணப் பத்திரிகையைத் தேடி அட்டத்துல ஏறுவாங்க. பிறப்புச் சான்றுல குழந்தை பேரு காலியா இருக்கறதையும் அன்னைக்குத்தான் பாப்பாங்க.

செய்ய வேண்டியது இதுதான். பத்தாவது மார்க்‌ஷீட்டை எடுத்து வைங்க. அதுல இருக்கற எழுத்துதான் அச்சு. ஆதார், பான், பேங்க் எல்லாத்தையும் அதுக்குத் திருத்துங்க, கடைசியா பாஸ்போர்ட். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு நோட்டரி அஃபிடவிட்ல தப்பிக்கலாம், அதையும் எல்லா நாடும் ஒத்துக்கும்னு சொல்ல முடியாது. பேரே வேறன்னா அரசிதழ்ல போட்டுத்தான் ஆகணும். போலீஸ் சான்று, அட்டஸ்டேஷன் (சர்டிபிகேட் நிஜம்னு அரசாங்கம் சீல் வெக்கறது) எல்லாம் இதுக்கு அப்பறம். போலீஸ் சான்றுக்கு 500 ரூபாய்தான், ஆனா பழைய பாஸ்போர்ட் பேர்ல வாங்கிட்டு அப்பறம் பேரைத் திருத்தினா அந்த 500-ம் போச்சு, அலைஞ்ச நாளும் போச்சு.

அட்டஸ்டேஷன்னு சொன்னதும் லேமினேஷன் ஞாபகம் வருது. பெத்தவங்க பாசத்துல, மவன் வாங்கின டிப்ளமோவைக் கடைக்குக் கொண்டு போய் பளபளன்னு லேமினேட் பண்ணிக் கட்டில் மெத்தைக்கு அடியில வெச்சிருப்பாங்க. அது மேல சீல் ஒட்டாது, கையெழுத்தும் நிக்காது. கவுண்டர்லயே திருப்பிக் குடுத்துருவாங்க. சூடு காட்டிப் பிரிக்கலாம்னு ஒருத்தன் சொல்லுவான். ஒரு ஓரத்துல நல்லா வரும், நடுவுல வர்றப்ப மை பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டுப் போகும், பதிவெண் பாதி காணாமப் போயிரும். அதுக்கு டூப்ளிகேட் கேட்டு எழுதிப் போடறது எவ்வளவோ மேல். நாள் பிடிக்கும், ஆனா சர்டிபிகேட் சாகாது. ஒரிஜினலைத் தயவுசெஞ்சு பிளாஸ்டிக் உறையில சும்மா சொருகி வைங்க.

அட்டஸ்டேஷனுக்கு மாநில அரசு சரிபார்ப்பு, அப்பறம் வெளியுறவுத் துறை, இந்த வரிசை பொது. அதுக்கு மேல நாட்டுக்கு நாடு மாறும். ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு சுலபமா ஏத்துக்கறதுக்கான ஹேக் ஒப்பந்தத்துல சவுதி 2022-ல சேந்துருச்சு, வெளியுறவுத் துறை வெக்கற 'அப்போஸ்டில்' முத்திரையே போதும். எமிரேட்ஸ் அதுல இல்லை, தூதரக முத்திரை தனியா வேணும். "எல்லா அரபு நாடும் ஒண்ணுதான்"னு சொல்ற ஏஜென்ட் இதுலயே மாட்டுவான்.

"இவ்வளவையும் ஒரு காட்டுக்காரன் மவன் எப்படிங்க தெரிஞ்சு வெச்சுக்குவான்?" இந்தக் கேள்வியில நியாயம் இருக்குது. ஃபாரம் இங்கிலீஷ்ல இருக்குது, சொல்லித்தர ஆளில்லை. ஒத்துக்கறேன். ஆனா அதே காட்டுக்காரர்தானே சொட்டுநீர் மானியத்துக்கு சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்னு நெலத்துக் காகிதமெல்லாம் கையில வெச்சுக்கிட்டு ஆபீசரையே கேள்வி கேக்கறாரு? பத்திரத்துல சர்வே நம்பர் ஒரு உட்பிரிவு மாறி இருந்தா ராத்திரி தூங்குவாரா? நெலத்துப் பத்திரத்தைப் படிக்கற கண்ணாலதான் மவன் ஃபாரத்தையும் படிக்கச் சொல்றேன்.

நெலம்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். "ரெண்டு வருஷம் சம்பாரிச்சுட்டு வந்து தாராபுரம் பக்கம் பத்து ஏக்கரா வாங்கிப் போடறேன்"னு சொல்லிட்டுப் போறாங்க. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அங்க வேலைக்குப் போய் என்.ஆர்.ஐ. ஆனவர் இங்க விவசாய நெலம் விலைக்கு வாங்க முடியாது. அப்பாரு சொத்து பாகமா வந்தா வெச்சுக்கலாம். வீடு, சைட் வாங்கலாம். தோட்டம் வாங்க முடியாது. இங்க இருக்கற சாதா சேமிப்புக் கணக்கையும் என்.ஆர்.ஓ.வா, அதாவது என்.ஆர்.ஐ.க்கான கணக்கா, மாத்தச் சொல்லணும். பாகப்பிரிவினையோ வழக்கோ பாக்கி இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பதிலா நடந்துக்க ஒருத்தருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிஞ்சுட்டுப் போங்க. அங்கிருந்து எழுதினா துணைத் தூதரகத்துல அத்தாட்சி வாங்கி அனுப்பணும், இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும். மூணாவது மாசம்தான் பங்காளிக்கு ஞாபகமே வரும்.

பெட்டி கட்டறப்ப அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. குழம்பு மசாலாவுல கசகசா சேத்து அரைச்சுக் குடுக்காதீங்கம்மா. நமக்கு அது மளிகைச் சாமான், எமிரேட்ஸ்லயும் சவுதியிலயும் சிங்கப்பூர்லயும் அது போதைப் பொருள் கணக்கு. காங்கேயம் கொப்பரையும் வேண்டாம், எண்ணெய் ஜாஸ்தி, தீப்பிடிக்கும்னு எடுத்துருவாங்க. முதுகுவலி மாத்திரை எதுவா இருந்தாலும் டாக்டர் சீட்டோட. டிரமடால், கோடீன் இருக்கறது வளைகுடாவுல வம்பு.

இப்ப கமெண்ட்டுக்கு வர்றேன். "இங்க என்ன வேலையா இல்லை? பனியன் கம்பெனியில ஆள் கிடைக்காம வடக்கத்திக்காரனைக் கூட்டிட்டு வர்றாங்க, இவன் துபாய்க்கு ஓடறான்." எழுதினவருக்கு நல்ல மனசு. அந்தப் பையனுக்கு ஜாதகம் கொண்டு போனப்ப "என்ன வேலை"னு கேட்டுட்டு, ஒர்க்‌ஷாப்னதும் காபி குடுத்து அனுப்புனாங்களே, அவங்களும் நாமதானே? தறி ஓட்டறவனுக்குப் பொண்ணு இல்லை, தோட்டம் பாக்கறவனுக்குப் பொண்ணு இல்லை, விசா வந்துட்டா மட்டும் புரோக்கர் போன் அடிக்கறான். விரட்டறதும் நாம, ஓடறான்னு சொல்றதும் நாம. திரும்பி வந்தா சிரிக்கறதும் நாம. அவங்கம்மா ஏழு பவுனை அடகு வெச்சிருக்காங்க, வட்டி சிரிப்புப் பொம்மைக்கெல்லாம் நிக்காது. அந்த ஏழு பவுனுக்கு எவனாவது ஒருத்தன் ஒரு நாள் வட்டி கட்டறதா கமெண்ட் போட்டானா?

பையனுக்கு ஈ.சி.ஆர். நீக்க அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. இந்தத் தடவை ஃபாரத்தை அவனே உக்காந்து அடிச்சான், மார்க்‌ஷீட்டைப் பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தாப் பாத்து.

அப்பறம், "அந்த பிளெக்ஸை என்ன பண்ணாங்க"னு ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு. மாட்டுக் கொட்டாய்க்கு மேல கட்டியிருக்காங்கண்ணா. இனிஷியலோட, ஒரு எழுத்துத் தப்பில்லாம அவன் பேரு இருக்கறது அதுல மட்டும்தான்.