4060 என்றால் எந்த 4060?

கேமிங் லேப்டாப் வாங்கிய பசங்க முதலில் தேடுவது "எஃப்.பி.எஸ். ஏற என்ன சாஃப்ட்வேர் போடலாம்" என்பதைத்தான். எஃப்.பி.எஸ். என்றால் ஒரு நொடியில் திரைக்கு வரும் ஃபிரேம்களின், அதாவது படங்களின் எண்ணிக்கை. கேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்று யூடியூப் முழுக்க இதற்கென்றே கடை விரித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அத்தனையும் குப்பை. கேமின் படங்களை வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வாட் போகிறது, அதனால் வருகிற சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது, முக்கால்வாசி விஷயம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை எடுத்துக்கொள்வோம். லேப்டாப் 4060-க்கு என்விடியா வைத்திருக்கும் மின் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. போதாததற்கு டைனமிக் பூஸ்ட் என்று பிராசசரின் பங்கிலிருந்து இன்னும் 25 வாட் வரை இழுத்துக்கொள்ளலாம். ஆக, 140 வாட் தாங்குகிற தடி லேப்டாப்பிலும் 4060 ஸ்டிக்கர், 60 வாட்டில் மூச்சு வாங்குகிற ஒல்லி லேப்டாப்பிலும் அதே ஸ்டிக்கர். முன்பாவது வாட் குறைந்த கார்டுக்குப் பின்னால் மேக்ஸ்-கியூ என்று ஒட்டியிருப்பார்கள். 2021-ல் 30 வரிசை வந்ததோடு பெயரிலிருந்து அதுவும் போய்விட்டது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டச் சொல்கிற ஊரில், லட்ச ரூபாய் லேப்டாப் பெட்டியின் மேல் வாட்டை அச்சடிக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதற்காக 140 என்று போட்டிருந்தால் இரட்டிப்பு வேகம் என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான கேம்களில் 4060 கிட்டத்தட்ட 100 வாட்டிலேயே வோல்டேஜ் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். உண்மையில் அடி வாங்குவது 60, 70 வாட் வைத்திருப்பவர்கள்தான். உங்களுடையது எவ்வளவு என்று தெரிய என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போங்கள். மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். கடையில் டெமோ பீஸ் இருந்தால் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

சரி, வாங்கியாகிவிட்டது. கூட வந்த சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் போட்டு விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப்பே கார்டின் வாட்டை வெட்டிவிடும். திரையை எந்த கிராபிக்ஸோடு இணைப்பது என்று மாற்றும் மக்ஸ் சுவிட்ச் இருந்தால் அதை நேரடி கிராபிக்ஸுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கார்டு வரைகிற ஒவ்வொரு ஃபிரேமும் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். சுவிட்சே இல்லாத மாடலா? பல லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் நேராகக் கார்டோடு இணைந்திருக்கும்; வெளி மானிட்டர் மாட்டினால் அதே பலன். ரேம் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கிப் போடுங்கள். சராசரி எஃப்.பி.எஸ். பெரிதாக ஏறாவிட்டாலும் நடுநடுவே வரும் திக்கல் குறையும்.

இனி சூடு. ரிவ்யூ போடுகிறவர் ஏசி அறையில் சோதிக்கிறார். நாம் மே மாதம் மதுரையிலோ வேலூரிலோ 38 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறோம். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ, கார்டின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். ஏறி 87 டிகிரி வாக்கில் வந்ததும் பல லேப்டாப்கள் கார்டின் வேகத்தை இறக்கத் தொடங்கும். லைட் மின்னும் கூலிங் பேடுக்குக் காசு போடுவதற்கு முன், பின்பக்கத்தை இரண்டு விரல் தூக்கி வைத்துப் பாருங்கள். எடுத்துக்கொள்ளக் காற்று இருந்தால்தான் ஃபேன் சுற்றிப் பயன்.

எனக்குப் பிடித்தது அண்டர்வோல்ட், அதாவது கார்டு ஓடும் வோல்டேஜைக் குறைப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கன்ட்ரோல்-எஃப் தட்டினால் ஒரு வளைகோடு வரும். கீழே வோல்டேஜ், இடப்பக்கம் கிளாக், அதாவது கார்டு ஓடும் வேகம். 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து, கார்டு வழக்கமாக அதைவிட அதிக வோல்டேஜில் ஓடுகிற கிளாக் அளவுக்கு மேலே ஏற்றி, அதற்கு வலப்பக்கம் இருப்பதையெல்லாம் தட்டையாக்கி அப்ளை கொடுங்கள். குறைந்த வாட்டில் அதே வேகம் கிடைக்கும். வாட் பற்றாத ஒல்லி லேப்டாப்புக்குத்தான் இதில் லாபம் அதிகம், ஏனென்றால் மிச்சமாகிற வாட் அப்படியே கிளாக்காக மாறும். கேம் கிராஷ் ஆனால் பயப்பட வேண்டாம், புள்ளியைக் கொஞ்சம் இறக்கினால் போதும். பிராசசரையும் அடக்கலாம். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 ஆக்கினால் பொதுவாக டர்போ, அதாவது பிராசசர் தானாக வேகம் கூட்டிக்கொள்வது, நின்றுவிடும். பல லேப்டாப்களில் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் இரண்டுக்கும் பொது என்பதால் கார்டுக்கு மூச்சு கிடைக்கும். பிராசசரை நம்பி ஓடும் கேமில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எஃப்.பி.எஸ். விழும்.

இவ்வளவும் செய்தபின், சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்-ஐ குவாலிட்டியில் வையுங்கள், கூச்சமே வேண்டாம். டெக்ஸ்சரை, அதாவது பொருட்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை மட்டும் பார்த்து வையுங்கள். 4060-இன் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்தால் வாட், சூடு எல்லாம் சரியாக இருந்தும் கேம் திக்கும். அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் பல கேம்களில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.