பள்ளிக்கூட ஓட்டு அரசியல் என்றால், ஆமாம், நான் அரசியல்தான் பேசுகிறேன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி, இங்கே நியூ ஜெர்சியில் நம் ஊர்த் தமிழர்கள் குரூப்பில் அந்த வாய்ஸ் மெசேஜை யாரோ மறுபடியும் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரலும் சிரிப்புமாக வந்து விழுந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. யார் பேசியது, எந்தக் குரூப் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. பள்ளிக் கட்டட ஓட்டு தோற்றதைப் பற்றி அதில் சொன்னது இதுதான்: "நம்ம வரிப்பணத்துல கண்டவங்க பிள்ளைங்களுக்கு க்ளாஸ்ரூம் கட்டணுமா? நல்லவேளை தோத்துச்சு."

நல்லவேளையா?

தோற்றது நம் பள்ளிகளுக்கான கட்டட பாண்டு, அதாவது பள்ளி கட்டக் கடன் வாங்கி வரியில் திருப்பிக் கட்டலாமா என்று ஊர் மக்களிடம் கேட்ட ஓட்டு. நம் பிள்ளைகள் ட்ரெய்லரில், இடமில்லாமல் வெளியே நிறுத்தியிருக்கும் தற்காலிக வகுப்பறையில், உட்கார்ந்து படிக்கிறார்களே, காலை பத்தரைக்கே மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பப்படுகிறார்களே, கேன்டீனில் இடம் போதாமல், அதைச் சரிசெய்வதற்கான பணம். சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் போய்விட்டது. நம் ஊரில் சிட்டிசனாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். அவர்களில் பாதிப் பேர் அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் ஜெயித்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலோர் போகவில்லை. அன்றைக்கு ஓட்டு இருப்பதே தெரியாது என்று எனக்குத் தெரிந்த பல பேர் சொன்னார்கள். அதே ஆட்கள் வீடு வாங்கும்போது பள்ளிக்கு ரேட்டிங் எட்டா ஒன்பதா என்று மாதக்கணக்கில் அலசியவர்கள்.

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவில் வாக்காளர் பதிவுக்கு ஒரு டேபிள் போட அனுமதி கேட்டோம். முதலில் சரி என்றார்கள். விழா அன்று காலையில் டேபிளைப் போட்டு, படிவங்களை அடுக்கி வைத்த பிறகு வந்து, "எடுத்துடுங்கம்மா, சங்கத்துல அரசியல் வேண்டாம், வரிவிலக்குக்குப் பிரச்சினை வரும்" என்றார்கள். பக்கத்திலேயே ரியல் எஸ்டேட் டேபிள் இருந்தது, இன்ஷூரன்ஸ் டேபிள் இருந்தது, அதெல்லாம் இருக்கலாம். விழா நடந்ததோ அரசுப் பள்ளியின் ஆடிட்டோரியத்தில். அந்தப் பள்ளிக்கான ஓட்டைப் பற்றி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பேசக்கூடாதாம்.

டேபிளை எடுக்கச் சொன்ன அண்ணா, உங்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், விதி அப்படி இல்லை. வரிவிலக்கு பெற்ற அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இறங்கக்கூடாது. கட்சி சாராமல் வாக்காளர் பதிவுக்கு உதவத் தடையே இல்லை, சர்ச்சுகள் செய்கின்றன, நூலகங்களில் செய்கிறார்கள். இதைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும் என்பதால், நம்மவர்கள் குடும்பத்தோடு ஒரே இடத்தில் கூடும் நாளென்று எங்களுக்கு இருந்தது அந்தப் பொங்கல் மட்டும்தான்.

ஓட்டு இருக்கிறவர்கள் போட வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான். ஓட்டு இல்லாதவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் போட வேண்டும்.

"எங்க வரிப்பணம்" என்கிறீர்கள். சரி, வரியைப் பற்றியே பேசுவோம். நம் மாநிலத்தில் வீட்டு வரி சராசரியாக வருடம் 10,000 டாலரைத் தாண்டி 2024லேயே போய்விட்டது, நாட்டிலேயே அதிகம். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. எனக்கும் அந்த பில் வருகிறது, எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். 2011லிருந்து வரி வசூலை, சில விலக்குகள் போக, வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. ஒரு புதுக் கட்டடத்தின் செலவு அந்த 2 சதவீதத்துக்குள் அடங்குமா? அதனால் புதுக் கட்டடம் வேண்டுமென்றால் மக்களிடம் வந்து பாண்டுக்கு ஓட்டுக் கேட்பதைத் தவிர, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் குழுவான பள்ளி போர்டுக்குப் பெரிதாக வழியில்லை. மக்கள் சம்மதித்தால் தகுதியுள்ள செலவில் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கும். தோற்றால் அந்தப் பணமும் வராது. நாம் கட்டிய மாநில வருமான வரி வேறு ஊர்க் கட்டடத்துக்குப் போகும். இதற்குத்தான் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டு வரியே கட்டாதவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? வாடகைக்கு இருக்கிறவர் கொடுக்கும் வாடகையில்தான் வீட்டுக்காரர் அந்த வரியைக் கட்டுகிறார். எல்லோரும்தான் கட்டுகிறோம்.

அந்தக் "கண்டவங்க பிள்ளை"யில் ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். என் மகன் கிண்டர்கார்டனில் சேர்ந்தபோது வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தமிழ் என்று எழுதினேன். இங்கிலீஷ் என்று எழுதிவிடு, இல்லாவிட்டால் ஈஎஸ்எல்லில், அதாவது வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில், தள்ளிவிடுவார்கள் என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை. அவன் ஈஎஸ்எல்லுக்குத்தான் போனான். அந்த வகுப்பு வாசலில்தான் ஈக்வடாரிலிருந்து வந்த ஒரு பெண் பழக்கமானாள். அப்போது இருவருக்கும் கார் கிடையாது. நடைபாதை இல்லாத அந்தச் சாலையின் ஓரமாகப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பனிக்காலத்திலும், ஒன்றாகத்தான் நடந்து வருவோம். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் சரளமில்லை, ஆனாலும் பேசிக்கொண்டே வருவோம். எனக்கு உடம்புக்கு முடியாதபோது என் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, அவனுக்குச் சாப்பாடும் கொடுத்து வைத்திருந்தவள் அவள்தான். நம் ஆட்கள் யாரும் அன்றைக்கு வரவில்லை, அது வேறு கதை.

அவளுடைய சின்னப் பெண் இப்போது ட்ரெய்லர் வகுப்பில் இருக்கிறாள். 2025 ஜனவரியில், பள்ளி, சர்ச் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த வழிகாட்டுதலை ரத்து செய்தார்கள் அல்லவா, அந்த வாரத்திலிருந்து அந்தத் தாய் பள்ளி வாசலுக்கு வருவதில்லை. என்னிடம் கேட்டாள், நான்தான் அந்தப் பெண்ணைக் கூட்டி வருகிறேன். அவளிடம் என்ன பேப்பர் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். பள்ளியும் கேட்கக்கூடாது. டெக்ஸாஸில் 1975ல் ஒரு சட்டம் போட்டார்கள், ஆவணமில்லாத பிள்ளைகளுக்கு மாநிலப் பணம் கிடையாது என்று. டைலர் என்ற ஊரில் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,000 டாலர் கட்டச் சொன்னார்கள். அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1982ல், ஐந்துக்கு நாலு என்று ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில், பிள்ளைகளைத் தள்ளக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. நம் மாநில நிதிச் சூத்திரமும், 2008ல் போட்டது, ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கூடுதல் பணம் தேவை என்று கணக்குப் போட்டுத்தான் ஒதுக்குகிறது. என் மகனும் அந்தக் கணக்கில் ஒரு தலைதான். அவனையும் கண்டவங்க பிள்ளை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

"நாங்க சட்டப்படி வந்தவங்க, அவங்களோட எங்களை எதுக்குச் சேர்க்கறீங்க?" இது நிச்சயம் வரும், ஏற்கெனவே வந்தும்விட்டது. சட்டப்படிதான் வந்தோம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923ல் இதே நாட்டின் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. நம்மைப் போன்றவர்கள் இத்தனை பேர் வர முடிந்தது 1965ல் வந்த சட்டத்தால், அது கறுப்பின மக்கள் அடிவாங்கிப் போராடிக்கொண்டிருந்த காலத்தின் சட்டம். அப்போது அவர்கள் "எங்க பிரச்சினை மட்டும் போதும்" என்று இருந்திருந்தால்?

நம்மை வெறுப்பவன் நம் விசாவைப் பார்த்தா வெறுக்கிறான்? 1987ல் ஜெர்சி சிட்டியில் பொட்டு வைத்த பெண்களைக் குறிவைத்து டாட்பஸ்டர்ஸ் என்று ஒரு கும்பல் அலைந்தது, அதே வருடம் ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற இந்தியரை அடித்தே கொன்றார்கள். பழைய கதை என்பீர்கள். 2017ல் நம் மாநிலத்து எடிசன் ஊரில் பள்ளி போர்டு தேர்தலுக்கு நின்ற ஒரு சீன வம்சாவளிக்காரரின் படத்தின் மீதும் ஒரு இந்திய வம்சாவளிப் பெண்ணின் படத்தின் மீதும் "நாடு கடத்து" என்று அச்சடித்து வீடு வீடாக அஞ்சல் அட்டை வந்ததே, அது? வெறும் பள்ளி போர்டுக்கு. 2025 பிப்ரவரியில் அமிர்தசரஸில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானத்தில் கை கால் கட்டிக் கொண்டுவரப்பட்ட 104 பேரும் இந்தியர்கள். அவர்களைப் பார்த்தும் இவர்கள் வேறு, நாம் வேறு என்றுதான் சொன்னோம். எத்தனை காலத்துக்கு நாம் வேறு?

நான் எச்4ல், அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கொடுக்கும் விசாவில், இருந்தவள். 2015 மே வரை எச்4 மனைவிகள் வேலை செய்ய அனுமதியே கிடையாது. படித்த படிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரில் ஒரு சம்பளக் காசோலை இல்லை, வங்கியில் எதற்குப் போனாலும் கணவர் கையெழுத்து. அந்த விதி மாறியது தானாக இல்லை. எழுதினார்கள், வாஷிங்டன் போனார்கள், கூட்டங்களில் எழுந்து நின்று அழுதுகொண்டே பேசினார்கள். மாறிய உடனேயே அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 2025ல்தான் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. இன்றைக்கு நம் குரூப்பில் வேலைக்குப் போகும் எத்தனை பெண்கள் அந்தப் போராட்டத்தால் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பெயரும் அரசியல்தான். அப்போது யாரும் "வேண்டாம்" என்று சொல்லவில்லை.

வயதானவர்கள், ஓய்வூதியத்தில் இருப்பவர்கள், வரி ஏறினால் வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கஷ்டம் நிஜம், அவர்கள் வந்து ஓட்டும் போட்டார்கள். என் கோபம் வராதவர்கள் மேல்.

விசாவில், க்ரீன் கார்டில் இருப்பவர்கள் இந்தக் காலத்தில் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள், லைக் போடக்கூடப் பயம். அவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: க்ரீன் கார்டு இருந்தாலும் சிட்டிசன் ஆகும் வரை வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது, யாராவது படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள், பின்னால் குடியுரிமை கிடைக்காமலே போகலாம், நாடுகடத்தலில்கூடப் போய் நிற்கும். எங்கள் டேபிளில் முதல் கேள்வியே அதுதான். அப்படி விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளும் அந்த ட்ரெய்லரில்தான் இருக்கிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்களின் க்ரீன் கார்டு வரிசை எப்படி நீண்டு கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் அந்த அப்பா அம்மாவுக்கு ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அத்தனை வருடம் அந்த வரிசையில் நின்றுதான் நானும் சிட்டிசன் ஆனேன். போன நவம்பரில், கவர்னர் தேர்தலில், முதல் ஓட்டு. விருதுநகர் பக்கத்தில் என் பாட்டி கண் சரியாகத் தெரியாத வயதிலும் யாரையாவது பிடித்துக்கொண்டு நடந்து போய் மையை வாங்கிக்கொண்டு வருவார். இங்கே ஓட்டுச்சீட்டையே அஞ்சலில் வீட்டுக்கு வரக் கேட்டு வாங்கலாம். அதற்கும் நேரமில்லை என்கிறார்கள், படித்தவர்கள்.

பாட்டியைச் சொன்னதும் இன்னொன்று. என் அப்பா பள்ளிக்குப் போனதே மதியச் சாப்பாட்டுக்காக. காமராஜர் காலத்தில் எங்கள் ஊரில் திறந்த பள்ளி. அந்தச் சோறு யார் வரிப்பணம்? அவரைப் பார்த்து, கண்டவன் பிள்ளைக்கு எதற்குச் சோறு என்று பேசிய ஆட்கள் அன்றைக்கும் இருந்தார்கள், அப்பா சொல்லியிருக்கிறார். அப்படிப் பேசியவர்கள் ஜெயித்திருந்தால் நான் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நம் சங்கம் வருடா வருடம் ஜூலையில் காமராஜர் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறது. என் மகன் பரிசு வாங்கியிருக்கிறான். "கல்விக் கண் திறந்தவர்" என்று மேடையில் பேசிய அதே வாயால் அந்த வாய்ஸ் மெசேஜை எப்படி அனுப்ப முடிகிறது? எனக்கு உண்மையாகவே புரியவில்லை. நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு வருத்தம்தான் அதிகம். நம் ஆட்கள் என்று நான் ஓடி ஓடிப் போன இடம் அது.

"இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்லை", "நாளைக்குத் தேர்தல்ல நிக்கப் போறா பாரு", எல்லாம் காதுக்கு வந்தது. நான் நிற்கவில்லை. ஆனால் நம்மில் யாராவது நிற்க வேண்டும். நவம்பரில் பள்ளி போர்டுக்குத் தேர்தல், ஜூலைக் கடைசிக்குள் மனு கொடுத்தாக வேண்டும். நிற்க விருப்பமுள்ளவர்கள் இருந்தால் கையெழுத்து வாங்க நான் வீடு வீடாக வருகிறேன், எந்த மொழிக்காரராக இருந்தாலும் சரி. பாண்டும் மறுபடி வரும், அடுத்த முறை இன்னும் அதிகத் தொகையாகத்தான் வரும், கட்டடச் செலவு இறங்கப்போவதில்லை.

சங்கத்தில் இடமில்லை என்றால் நூலகத்தில் டேபிள் போடுகிறோம், கேட்டாயிற்று, சம்மதித்துவிட்டார்கள். மளிகைக் கடை வாசலுக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். சனி ஞாயிறுகளில் உட்கார ஆள் தேவை, ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். குரூப்பிலிருந்து நான் விலகப்போவதில்லை. அட்மின்கள் நீக்குவதாக இருந்தால், என்ன காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்படி குரூப்பிலேயே எழுதிவிட்டு நீக்குங்கள்.