வாக்குச்சீட்டு கைக்கு வராத அதிபர் தேர்தல்கள்

எனக்கு 21 வயது நிரம்பியது 1998இல். மறு ஆண்டே சிங்கப்பூர் அதிபர் தேர்தல். முதல் வாக்கு என்று ஆசையோடு காத்திருந்தேன். திரு எஸ்.ஆர். நாதன் போட்டியின்றித் தேர்வானார். 2005லும் அப்படியே. 2011இல்தான் முதன்முறையாக அதிபருக்கு வாக்களித்தேன். டான் என்ற குடும்பப் பெயர் கொண்ட நால்வர் நின்ற தேர்தல் அது. வென்ற டோனி டானுக்கும் அடுத்து வந்த டான் செங் போக்குக்கும் இடையே எட்டாயிரம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. விடிய விடிய விழித்திருந்தோம். 2017இல் மறுபடியும் போட்டி இல்லை. ஆக, ஐந்து தேர்தல்களில் நான் வாக்களித்தது இரண்டில்தான்.

அந்த இரண்டாவது, 2023 செப்டம்பர் 1. எங்கள் புளோக்கில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். அன்று காலை மின்தூக்கியில் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே “ஓங் லாய்” என்றார். அன்னாசிப்பழத்துக்கு ஹொக்கியனில் அதுதான் பெயர். அதிர்ஷ்டம் வருகிறது என்றும் பொருள். அதிபர் வேட்பாளர் தர்மன் சண்முகரத்னத்தின் சின்னம் அன்னாசி. இரவு முடிவு வந்தபோது அவருக்கு 70.4 விழுக்காடு. அம்மா தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. “நம்மாளுங்க எல்லாரும் சேர்ந்து போட்டாலும் பத்து விழுக்காடு தேறாதேடா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. யாழ்ப்பாணத் தமிழ் வேர் கொண்ட ஒருவர் ஜெயித்தார் என்பதைவிட, எந்தச் சலுகையும் இல்லாமல், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று ஜெயித்தார் என்பதுதான் அம்மாவை உலுக்கியது.

2017 தேர்தல் மலாய் வேட்பாளர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது; ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். அப்படி ஓர் இரவை அந்த ஆண்டு நம் மலாய்ச் சகோதரர்களுக்கு நாம் தரவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

நாம் தினமும் கையில் எடுக்கும் வெள்ளி நோட்டில் இருக்கும் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் 1970இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அதன் பிறகு ஒரு மலாய்க்காரர் அதிபராக 47 ஆண்டுகள் ஆயின. அந்த ஏக்கம் நியாயமானது. தேர்தலை ஒரு சமூகத்துக்கு ஒதுக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வழிசெய்த அதே 2016 சட்டத்திருத்தத்தில்தான் தனியார் துறையிலிருந்து வருபவர்களுக்கான வரம்பையும் ஏற்றினார்கள். முன்பு அவர்கள் தலைமை வகித்த நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் 100 மில்லியன் வெள்ளி இருந்தால் போதும். இப்போது பங்குதாரர் ஈக்குவிட்டி, அதாவது கடன் போக மிஞ்சும் நிறுவனச் சொத்து, 500 மில்லியன் வேண்டும். 2017இல் முன்வந்த இரண்டு மலாய்த் தொழிலதிபர்களுக்கும் போட்டியிடத் தேவையான தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஹலிமா யாக்கோப் பல பொதுத் தேர்தல்களில் வென்றவர், நாடாளுமன்ற நாயகராக இருந்தவர். வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் வென்றிருப்பார் என்றே நம்புகிறேன். அப்படி வெல்லும் வாய்ப்பு அவருக்கும் பறிபோனது. என்னோடு வேலை செய்யும் மலாய்த் தோழி, போட்டி இல்லை என்று தெரிந்த அன்று மதியம் சாப்பிடக்கூட வரவில்லை.

“அலங்காரப் பதவிதானே, இதற்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. நம் நிதி இருப்பின் இரண்டாவது சாவி அதிபர் கையில் இருக்கிறது; முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த இருப்பை அவர் ஒப்புதல் இல்லாமல் அரசாங்கம் எடுக்க முடியாது. அந்தச் சாவிக்காகத்தான் 1991இல் இதை மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவியாக மாற்றினார்கள். 2009 பொருளாதார நெருக்கடியில் 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க ஒப்புதல் தந்தவர் திரு நாதன். 2020இல் கொவிட் வந்தபோது 52 பில்லியன் வரை எடுக்க ஒப்புதல் தந்தவர் திருவாட்டி ஹலிமா. இருவரும் செய்தது சரிதான். ஆனால் மக்கள் வாக்களித்துத் தர வேண்டிய சாவியை அந்த இரண்டு முறையும் மக்கள் வாக்கில்லாமலே கொடுத்திருந்தோம். 1993இல் வாக்கு வாங்கி வந்த ஓங் டெங் சியோங், இருப்பில் என்னென்ன இருக்கிறது என்று துணிந்து கணக்குக் கேட்டார். அந்தத் துணிவுக்குப் பின்னால் மக்கள் போட்ட வாக்கு இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

500 மில்லியன் வரம்பைக் குறைக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட தேர்தல் வருகிற ஆண்டிலாவது கட்டாயம் குறைக்க வேண்டும். சிறிய சமூகத்தில் அவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்தியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த தேர்தல் 2029இல். என் மகளுக்கு அப்போது 22 வயது. இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, அடுத்த வாரம் எங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு எடுத்துப் போகிறேன். உங்கள் தொகுதியிலும் யாராவது கேளுங்கள்.